அக்காவைப் பார்க்க வந்தேன்

போலீஸ்காரம்மா தைலம்மாளின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள், பிறகு மூடித் திருப்பிக் கொடுத்தாள். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் எல்லாருடைய பாட்டிலையும் இப்படித்தான் மோந்து பார்க்கிறார்கள், யாரும் மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து தலையில் ஊற்றிக்கொண்டுவிடக் கூடாது என்று. தைலம்மாளுக்கு அது தெரியாது. "எங்க கெணத்துத் தண்ணிதாம்மா, இனிப்பா இருக்கும், ஒரு வாய் குடிக்கிறியா?" என்று கேட்டாள். போலீஸ்காரம்மா சிரிக்கவில்லை, "உள்ள போங்க, உள்ள போங்க" என்றாள், ஆனால் அவள் வாயோரம் கொஞ்சம் இளகியதை நான் பார்த்தேன். நான் எப்போதும் இப்படித்தான், பார்த்துக்கொண்டே இருப்பேன், பேச வேண்டிய நேரத்தில் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுத்தது என் பை. டிபன் பாக்ஸ், குடை, ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் இரண்டு மனுக்கள். இரண்டும் என் கையெழுத்து, இரண்டிலும் ஒரே தேதி, இரண்டிலும் தைலம்மாளின் கட்டைவிரல் ரேகை. எதற்கு இரண்டு என்று போலீஸ்காரம்மா கேட்டால் நான் என்ன சொல்வது. ஒன்று காப்பி என்று சொல்லலாம். காப்பி என்றால் இரண்டிலும் ஒன்றே இருக்க வேண்டுமே என்று படித்துப் பார்த்தால்? அவள் ஃபைலைத் தொடவே இல்லை. டிபன் பாக்ஸை மட்டும் திறந்து, தயிர்சாதத்தைப் பார்த்துவிட்டு, மூடினாள். எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. அவள் இரண்டையும் வெளியே எடுத்து, சத்தமாகப் படித்து, இதில் எது நிஜம் என்று கேட்டிருந்தால் எல்லாம் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும், நான் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை.

தைலம்மாளின் மகள் அம்சவல்லி மஸ்கட்டில் இருக்கிறாள். இருக்கிறாள் என்றுதான் எழுதியிருக்கிறேன், இரண்டு மனுவிலும். ஏழு மாதங்களுக்கு முன்னால் எங்கள் ஏஜென்சி அவளை வீட்டு வேலைக்கு அனுப்பியது. பத்தொன்பது நாட்களாக அவளிடமிருந்து பேச்சு இல்லை. எங்கள் ஏஜென்சி என்று சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்குகிறது, மூன்று வருடமாக நான் வேலை பார்க்கும் இடம்தான், ஆனாலும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டயர் ரீட்ரேடிங் கடைக்கு மாடியில் இரண்டு அறை. காலையில் ஜன்னலைத் திறந்தால் வெந்த ரப்பர் வாசனை வரும், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் தலைமுடியிலும் அது இருக்கும். குணசீலன் சார்தான் முதலாளி. நான் பி.காம். முடித்துவிட்டு எங்கேயும் இன்டர்வியூவில் வாயைத் திறக்காமல் வந்துகொண்டிருந்தபோது, ஒன்றுமே கேட்காமல் வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். "பேச வேணாம், டைப் அடிச்சாப் போதும்" என்றார். அப்படித்தான் சேர்ந்தேன். பேச வேண்டாம் என்றுதான் சேர்ந்தேன். கலெக்டர் ஆபீஸ் போர்ட்டிகோ நிழலில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. முதலில் பதிவு மேசை, அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு நம்பர் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு ஹாலுக்குள் கலெக்டர். எங்களுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், பட்டா மாறுதலுக்காம், திரும்பித் தைலம்மாளைப் பார்த்து, "மொத தடவையா தாயி?" என்றார். ஆமாம் என்றாள். "எனக்கு இது ஒம்பதாவது. நான் வர ஆரம்பிச்சதுலேருந்து மூணு கலெக்டர் மாறிட்டாங்க. நான்தான் பர்மனென்ட்டு." வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தைலம்மாளும் சிரித்தாள், புரிந்து அல்ல, எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரிப்பது மரியாதை என்பதற்காக. அம்சவல்லியின் சிரிப்பு அப்படி இல்லை. அவள் யாரும் சிரிக்காதபோது சிரிப்பாள்.

எனக்கு எந்தக் கவுண்டர் என்றாலும் பயம். சின்ன வயதிலிருந்தே. ரேஷன் கடை, போஸ்ட் ஆபீஸ், காலேஜில் ஃபீஸ் கட்டும் ஜன்னல், பஸ்ஸில் கண்டக்டர் கூட. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் நிமிர்ந்து "என்ன?" என்று கேட்டதும் எனக்குச் சொல் எல்லாம் ஓடிவிடும். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் கட்டிக்கொள்வேன், வழியெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பணும். அவர்கள் இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிக் கேட்டால் அப்படி. சார் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியாது. ஒருநாள் வெளியே கிளம்பும் முன் என் உதடு அசைவதைப் பார்த்திருக்க வேண்டும். "தமயந்தி, நீ இந்தப் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் குடு" என்றார். முப்பது வயது ஆகாத பெண்ணை வீட்டு வேலைக்கென்று வளைகுடா நாடுகளுக்கு அனுப்ப அனுமதி கிடையாது. அதனால் எங்கள் ஆபீஸில் அவர்களை டூரிஸ்ட் விசாவில் அனுப்புவார்கள். ஏர்போர்ட்டில் கேட்பார்கள், எதற்குப் போகிறாய் என்று. அங்கே தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தடுமாறாமல் சொல்ல அவர்களுக்குப் பழக்கம் வேண்டும். தடுமாற்றத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்த ஆபீஸில் யாருக்கும் தெரியாது. நான் நன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நன்றாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. நான் சொல்லிக் கொடுத்து அனுப்பிய ஒருத்திகூட ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வந்தது இல்லை.

அம்சவல்லிக்கு இருபத்தாறு, என்னைவிட ஒரு வயது பெரியவள், ஆனால் முதல் நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள், ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அக்காதான் என்பது போல. நான் மேசைக்கு இந்தப் பக்கம் ஆபீசராக உட்கார்ந்தேன், அவள் வாசலிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வர வேண்டும். மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "நீங்க ஆபீசர் மாதிரியே இல்லக்கா. பயந்த ஆபீசரா இருக்கீங்க." நானும் சிரித்துவிட்டேன். எதுக்குப் போறீங்க? அக்காவைப் பார்க்கப் போறேன். அக்கா பேர் என்ன? பாக்கியலட்சுமி. எங்க இருக்காங்க? மஸ்கட்ல, ரூவி. என்ன பண்றாங்க? மாமா கம்பெனியில வேலை, அக்கா வீட்ல இருக்கு. எத்தனை நாள்? ஒரு மாசம். வேலைக்கா போறீங்க? இல்ல சார், அக்காவைப் பார்க்க. பாக்கியலட்சுமி என்று ஒருத்தி இல்லை. அந்தப் பெயரை நான்தான் வைத்தேன், அன்றைக்கு மேசைமேல் கிடந்த கேலண்டரில் ஒரு பாத்திரக் கடையின் பெயர் அது. இரண்டாம் நாள் அவள் சிரிக்காமல் சொன்னாள். மூன்றாம் நாள், பாக்கியலட்சுமிக்கு இரண்டு பிள்ளைகள் என்றும், சின்னவனுக்குக் காது குத்த வேண்டியிருக்கிறது என்றும் தானாகவே சேர்த்துச் சொன்னாள். நான் அசந்துபோனேன். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. அன்றைக்குத்தான் அதையும் சொன்னேன். இன்னொன்றும் சொல்கிறேன் கேட்டுக்கோ அம்சா, மிரட்டிக் கேட்கிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதே, அவர்கள் மிரட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். அன்பாகக் கேட்பவர்கள்தான் ஆபத்து. பயப்படாதம்மா, நாங்க இருக்கோம், உண்மையைச் சொல்லு, வீட்டு வேலைக்குத்தானே போறே என்று ஒருவர் கேட்பார். பெரும்பாலும் அது ஒரு பொம்பளையாக இருக்கும். உனக்கு அழுகை வரும். அங்கேதான் நீ மாட்டுவே. எந்த ஆபீஸ், எந்த ஆபீசர், எந்த ஊராக இருந்தாலும் சரி, அன்பாகக் கேட்டால் இன்னும் கெட்டியாக இதையே சொல்ல வேண்டும். அவள் தலையாட்டினாள். எல்லாவற்றையும் சுருக்கமாக ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டாள். எந்த ஊராக இருந்தாலும் என்று நான் ஏன் சொன்னேன். துபாய் வழியாகப் போகும் விமானம், அங்கேயும் கேட்கலாம் என்று நினைத்துச் சொன்னேன். அதற்குத்தான் சொன்னேன். அதற்கு மட்டும்தான்.

வரிசை நாலடி நகர்ந்தது. என் போனில் ஒரு ஆடியோ இருக்கிறது, நாற்பத்தொரு நொடி. பத்தொன்பது நாட்களுக்கு முன்னால், பகல் ஒன்றரை மணிக்கு, தெரியாத நம்பரிலிருந்து வந்தது. அதைக் கேட்க இப்போது எனக்குப் போன் வேண்டாம், ஹெட்செட் வேண்டாம், எந்த நொடியில் அவள் மூச்சு விடுகிறாள் என்பது வரைக்கும் தெரியும். முதலில் கார்களின் சத்தம். அக்கா, நான் அம்சா, இது வேற ஒருத்தங்க போனு. அந்த வீட்டுல முடியலக்கா, பதினோரு பேரு, கையெல்லாம் வெந்துபோச்சு, மேடம் போனைப் புடுங்கிக்கிட்டாங்க, பாஸ்போர்ட்டும் அவங்ககிட்ட. நான் ஓடியாந்துட்டேன். எம்பசிக்கு வந்தேன். தமிழ் பேசற ஒரு மேடம் இருந்தாங்க, ரொம்ப நல்லவங்க, தண்ணி குடுத்தாங்க, பயப்படாதம்மா, வீட்டு வேலையான்னு மூணு தடவ கேட்டாங்க. இங்கே ஒரு மூச்சு. நான் நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன்க்கா. அக்காவைப் பார்க்க வந்தேன்னு. ஒரு எழுத்துகூட மாத்தல. அப்ப அக்காவைக் கூட்டிட்டு வாம்மான்னு சொல்லிட்டாங்க. இப்ப வெளியில நிக்கிறேன். பாக்கியலட்சுமி அக்கா நம்பர் என்னாக்கா? அனுப்பி வைங்க. பிறகு ஒரு கார் வந்து நிற்கும் சத்தம், அவள் யாரையோ பார்த்து ஐயோ என்பது, அவ்வளவுதான். அந்தக் காரில் வந்தது அந்த வீட்டு டிரைவர்தான் என்று பிறகு அந்தப் போனுக்குச் சொந்தக்காரர், கேரளாக்காரர் ஒருவர், எனக்குச் சொன்னார். அவர் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போய்விட்டார்களே என்றார்.

பாக்கியலட்சுமி அக்கா நம்பர் என்ன. ஏழு மாதம் அந்த வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு, தூங்காமல், கை வெந்து, அவளுக்கு எந்த இடத்தில் நிஜம் முடிந்து நான் சொல்லிக் கொடுத்தது தொடங்குகிறது என்பதே மறந்துபோயிருக்கும். அல்லது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியாதோ. ஏஜென்சி என்றால் அங்கே யாரையாவது வைத்திருப்பார்கள், அவளுக்குத்தான் அக்கா என்று பெயர் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாளோ. ஏதாவது ஒன்று ஆனால் அந்த அக்கா வருவாள் என்று. நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதும் சொன்னதுதானே. அந்த எம்பசி மேடத்தை நினைத்துக்கொள்கிறேன், முகம் தெரியாது, ஆனால் கண்ணாடி போட்டிருப்பாள் என்று தோன்றுகிறது. மூன்று தடவை கேட்டிருக்கிறாள். வேலைக்கு வந்தேன், ஓடி வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே படுக்க ஒரு பாய் கிடைத்திருக்கும், அப்படித் தங்கியிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். டூரிஸ்ட் விசா, அக்கா வீட்டில் தங்கியிருக்கிறாள் என்றால் அதற்கு வேறு மேசை, வேறு தாள். அந்த மேடம் எழுதிக்கொண்டது அம்சவல்லி சொன்னதை. அம்சவல்லி சொன்னது நான் சொன்னதை. முதல் தடவை கேட்டபோது அவளுக்கு அழுகை வந்திருக்கும். அங்கேதான் நீ மாட்டுவே என்று நான் சொன்னது ஞாபகம் வந்திருக்கும். கெட்டியாக நின்றிருப்பாள். நல்ல மாணவி. எல்லாரையும்விட நல்ல மாணவி.

"பாப்பா, அதை இன்னொருவாட்டி படிச்சுக் காட்டு" என்றாள் தைலம்மாள். கையை மனுவைப் பார்த்து நீட்டவில்லை, என் முழங்கையைத் தொட்டாள். எதைப் படிப்பது. ஃபைலில் மேலே இருப்பது சார் சொல்லி எழுதியது. சனிக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு, ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தம்மா மனு குடுக்கப் போறாங்களாம். தடுக்க வேணாம். தடுத்தா அது பேப்பர்ல வரும். நீ கூடப் போ. நீயே எழுதிக் குடு, உன் கையெழுத்து நல்லா இருக்கும். நம்ம பேரு வர வேணாம், அங்க வேலைக்கு வச்ச பார்ட்டி பேரும் வேணாம். தெரிஞ்சவங்க மூலமா போச்சுன்னு போடு." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன், அங்க" என்றார். அவர் பேசவில்லை. அவருடைய போனிலிருந்து போகும் வெளிநாட்டு அழைப்புகளை நான்தான் போட்டுக் கொடுப்பேன். இரண்டாவது மனு நானாக எழுதியது, ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், சமையலறை மேடையில் வைத்து. இன்று காலையில் காப்பி என்று சொல்லித்தான் அதிலும் தைலம்மாளிடம் ரேகை வாங்கினேன். அதில் ஏஜென்சியின் பெயர் இருக்கிறது, அந்த வீட்டுக்காரரின் பெயர், அவருடைய போன் நம்பர், வீடு இருக்கும் இடம், ஆபீஸ் ஃபைலிலிருந்து நான் எடுத்துவந்தவை. விசா டூரிஸ்ட் விசா, ஆனால் வேலைக்குத்தான் அனுப்பப்பட்டாள் என்று இருக்கிறது. எம்பசியில் அவள் சொன்னது உண்மை அல்ல, அப்படிச் சொல்ல அவளுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது என்று இருக்கிறது. கொடுக்கப்பட்டது. யாரால் என்று எழுதும் இடத்தில் பேனா நின்றது, நான் அந்த வரியை அப்படியே முற்றுப்புள்ளி வைத்து முடித்தேன். அந்த நம்பரும் அந்த வரியும் இல்லாமல் அங்கே யாராலும் அவளைத் தேட முடியாது. ஒரு நகரத்தில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, அக்காவைப் பார்க்க வந்தவள். எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

நான் மேலே இருந்ததைப் படித்தேன். பெறுநர், மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள். என் மகள் அம்சவல்லி தெரிந்தவர்கள் மூலமாக வெளிநாடு சென்று மஸ்கட்டில் இருக்கிறாள். தற்சமயம் அவளைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அவளை மீட்டுத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். தைலம்மாள் இன்னும் காத்திருந்தாள், என் வாயைப் பார்த்தபடி. "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதாம்மா. "கை வெந்துபோச்சுன்னு இல்லியே." நான் அவளுக்கு அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டியிருந்தேன். முழுசாக அல்ல, இருபத்தொன்றாவது நொடி வரைக்கும், எம்பசி என்ற சொல் வருவதற்கு முன்னால் வரைக்கும். "அது சின்ன மனுவா இருந்தாத்தான் படிப்பாங்கம்மா." பட்டாக்காரர் திரும்பினார். "பாப்பா சொல்றது சரிதான் தாயி. நான் மொதல்ல நாலு பக்கம் எழுதுனேன். இப்ப நாலே வரி. அடுத்த தடவ பேரு மட்டும் எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்." யாரும் சிரிக்கவில்லை இந்த முறை. வெயில் போர்ட்டிகோவைத் தாண்டிக் காலுக்கு வந்திருந்தது. தைலம்மாளின் கால்விரல்களைப் பார்த்தேன், ஒரு விரலில் நகம் கறுத்திருந்தது, கல் தடுக்கியிருக்க வேண்டும். "அவ பிள்ளை கேக்குது, அம்மா ஏன் போன்ல வர்லன்னு. டவர் இல்ல, மரம் விழுந்துட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். எத்தன நாளைக்குப் பாப்பா மரம் விழுந்து கெடக்கும்?" என்னிடம் பதில் கேட்கிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பாட்டிலைத் திறந்து குடித்து, எனக்கும் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

பதிவு மேசைக்கு இன்னும் மூன்று பேர். அதுவரை எடுக்க வேண்டியதில்லை. அதுவரை இரண்டும் உள்ளேயே இருக்கலாம். அடியில் இருப்பதை எடுத்து மேலே வைப்பது எவ்வளவு சின்ன வேலை, ஒரு விரல் போதும். எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பாதி தூரம் வரைக்கும் என்னால் நினைக்க முடிகிறது. கலெக்டர் படிப்பார். ஒரு ஃபோன் போகும். மாடிக்குப் போலீஸ் வரும், கீழே டயர் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்பார்கள். சார் ஃபேனைப் பார்ப்பார். பிறகு நான் ஒரு மேசைக்கு முன்னால் நிற்பேன், உண்மையாகவே ஒரு ஆபீசருக்கு முன்னால், அவர் கேட்பார், எனக்குச் சொல் வராது, எனக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. அப்பா வாசலில் நிற்பார், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை ஸ்டேஷனிலிருந்து கூட்டிப்போக. இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு சமையலறை, நான் பார்க்காத சமையலறை, சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ், பதினோரு தட்டு. இரண்டையும் தராசில் வைக்கிறேன், ஒவ்வொரு முறையும் அம்சவல்லியின் பக்கம் இறங்குகிறது, எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை, ஆனால் தராசு இறங்குவது வேறு, கை நகர்வது வேறு. நான் கெட்டவள் இல்லை என்று நினைக்கிறேன். அம்சவல்லிக்கு நான் எதுவும் கெட்டது நினைத்ததில்லை. கிளம்பும் நாளில் அவளுக்குக் காது அடைக்கும் என்று பஞ்சு வாங்கிக் கொடுத்தேன். அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் எழுதுவது. "அடுத்து" என்றான் பதிவு மேசையில் இருந்தவன், என் வயதுதான் இருக்கும். நான் ஃபைலைத் திறந்தேன். விரல் இரண்டு தாள்களுக்கும் நடுவில் போனது, அடியில் இருந்த தாளின் ஓரத்தைத் தொட்டது, தாள் லேசாக ஈரமாக இருந்தது, என் கை வியர்த்திருந்தது. மேலே இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவன் டைப் அடித்தான், வெளிநாடு என்பதற்கு ஒரு வரியைத் தேடிப் பிடித்து அழுத்தினான், நம்பர் ஒட்டிய சீட்டைத் தைலம்மாளிடம் கொடுத்தான். "பத்திரமா வச்சுக்கங்க பாட்டி." தைலம்மாளுக்கு ஐம்பத்திரண்டுதான்.

ஹாலுக்குள் நாற்காலிகள். உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். பைக்குள் அது இருக்கிறது. இன்னும் முடியவில்லை, முடியவில்லை என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது, கொடுத்தது பதிவுக்குத்தான், கலெக்டர் நேரில் பார்ப்பார், நேரில் கேட்டால் சொல்லிவிடலாம், கேட்டால் மட்டும் போதும், கேட்கட்டும், நானாக ஆரம்பிக்க முடியாது, எந்தக் காரியத்தையும் நானாக ஆரம்பித்ததில்லை, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வேன். அந்த வாக்கியத்தைக் கட்டினேன். மேடம், ஏஜென்சி பேர் எனக்குத் தெரியும், நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன், அந்த வீட்டு நம்பர் என்னிடம் இருக்கிறது. மூன்று துண்டு. மேடம், எனக்குத் தெரியும். நான் அங்கேதான். நம்பர் இருக்கிறது. உதடு அசைகிறதோ என்று கையால் மூடிக்கொண்டேன். தைலம்மாள் என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கலெக்டர் சின்ன வயசுக்காரி, தூக்கம் போதாத கண்கள். மனுவை ஒரே பார்வையில் படித்துவிட்டாள், அதில் படிக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் சென்னைக்கு அனுப்பச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "எந்த ஏஜென்ட் மூலமா போனாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டாள். நான் கட்டி வைத்திருந்தது தொண்டைக்கு வந்தது, மேடம் என்பதன் முதல் எழுத்துக்கு உதடு சேர்ந்தது, சேர்ந்தபடியே நின்றது. கலெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தைலம்மாள்தான் பேசினாள். "தெரியாதும்மா. ஊருக்கு வந்த ஒரு ஆளு. பேரு ஊரு ஒண்ணும் தெரியாது." எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் எத்தனை முறை ஏறியிருக்கிறாள், சாரின் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள். "இந்தப் பொண்ணு யாரு?" "எழுதப் படிக்கத் தெரியாதும்மா எனக்கு. தொணைக்குக் கூட்டியாந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை." கலெக்டர் தலையசைத்து, பச்சை மையில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி, "பார்த்துச் சொல்வாங்கம்மா, போங்க" என்றார். அடுத்தவர் எங்களுக்குப் பின்னாலிருந்து ஏற்கனவே மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தார். என் உதடுகளைப் பிரித்துக்கொண்டேன். ஒட்டியிருந்தன.

வெளியே வேப்பமரத்தடியில் தைலம்மாள் நின்றாள். நான் ஏம்மா என்று கேட்டேனா, கேட்கவில்லையா, தெரியவில்லை. அவளாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். "உன் மூஞ்சியப் பாத்தேன். வெளுத்துப்போச்சு. உங்க ஆபீஸ் பேரச் சொன்னா மொதல்ல உன்னத்தானே புடிப்பாங்க. நீயும் ஒரு வீட்டுப் பொண்ணு." பையின் வார் என் தோளிலிருந்து நழுவியிருந்தது, அதைத் தூக்கி மாட்டிவிட்டாள். "அதுவுமில்லாம, உன்னயும் உங்க சாரையும் விட்டா அங்க எம்மவளுக்கு ஆரு இருக்கா? உங்களப் பகைச்சுக்கிட்டு நான் எங்க போறது?" அப்போது சொல்லியிருக்கலாம். இருபத்தொன்றாவது நொடிக்குப் பிறகு இருப்பதைப் போட்டுக் காட்டியிருக்கலாம், கலெக்டர் இன்னும் உள்ளேதான் இருந்தாள், ஹாலின் கதவு திறந்தேதான் இருந்தது. போன் அடித்தது. சார். "என்னாச்சு?" "குடுத்தாச்சு சார்." "பேரு?" "வரல சார்." "கேட்டாங்களா?" "கேட்டாங்க. அந்தம்மா தெரியாதுன்னுட்டாங்க." அந்தப் பக்கம் அவர் மூச்சு விட்டார், "பாவம், நல்ல பொம்பள" என்றார், உண்மையாகவே சொன்னார் என்றுதான் எனக்குப் பட்டது. வைத்துவிட்டார். தைலம்மாள் என் முகத்துக்குக் கிட்டத்தில் நின்றாள், மூச்சு என்மேல் படும் தூரத்தில். "சாரா? என்னா சொன்னாரு? அங்க பேசிட்டாராமா?" வெயிலில் கண் கூசியது எனக்கு. பேசிட்டாராம்மா என்றேன். "வந்துருவாளா?" வந்துருவா. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், கலெக்டர் ஆபீஸைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. பிறகு சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தபடியே, நாட்டுக்கோழி ஒன்று வாங்க வேண்டும், அங்கே என்ன சாப்பிட்டாளோ என்றாள், பிள்ளைக்கு இன்றைக்கே சொல்லிவிடலாமா இல்லை வந்து இறங்கும்போது பார்த்துக்கொள்ளட்டுமா என்றாள், நான் பதில் சொல்வதற்குள் நின்று, திரும்பி, "ஏன் பாப்பா, மெட்ராஸ்ல வந்து எறங்குவாளா, திருச்சியிலியா? வண்டி சொல்லணுமே" என்றாள்.

திருச்சி, என்றேன். அது பக்கம்.